தேவையில்லாத பேச்சு

சரயேவோவை ஒட்டிய யாஹொரினா மலைமேல் இருந்த அந்த ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்களில் தம் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டவர்கள் குறைவு. எல்லோர் கண்ணும் அடுத்தவர் கையில் இருந்தது. ஒருவர் முட்டை ஓட்டை எந்த விரலால் உரிக்கிறார், இன்னொருவர் வெண்ணெய் தடவும்போது ரொட்டியை எப்படி அமுக்கிப் பிடிக்கிறார், தேன் புட்டியின் மூடியைத் திறக்க மணிக்கட்டைத் திருப்புகிறாரா, தோளைத் தூக்குகிறாரா. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பழக்கம். நோயில் முடங்கியவர்களுக்கு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குகிறவர்கள், நாட்டிலுள்ள ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை ஒரே கூரையின் கீழ் கூடினால் சாப்பாட்டுக்கூடம் இப்படித்தான் இருக்கும்.

செனியா தன் வலது கையை மேசைக்கடியில் இறக்கி மடிமேல் வைத்துக்கொண்டாள்.

“ஏன்டி ஒளிச்சு வைக்கிற?” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த யாகொடா. “உன் கை நடுங்குறத இந்த ஹாலே பாத்தாச்சு. அந்த மூலை மேசைக்காரர் மனசுக்குள்ள உனக்கு மார்க்கே போட்டிருப்பார்.”

“காபி அதிகமாயிடுச்சு.”

“பொய். இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கல நீ.”

யாகொடா தெற்கே ட்ரெபின்யெக்காரி. செனியாவுக்கு வடக்கே தூஸ்லா. படிப்பு முடித்த வருஷத்திலிருந்து மாநாடுகளில் இருவருக்கும் ஒரே அறை. நடுவிலுள்ள மாதங்களில் போன் பேசிக்கொள்வதுகூட அபூர்வம். இலையுதிர்காலத்தில் ஒரு வார இறுதி, அவ்வளவுதான். அதற்குள் வருஷம் முழுவதையும் பேசித் தீர்த்துவிடுவார்கள். போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் மட்டும் யாகொடா தனியாகப் படுத்திருந்தாள். செனியா வரவில்லை. அவளுடைய கணவன் வாஹித்துக்குப் பக்கவாதம் வந்திருந்தது.

“நான் என்ன கேக்கணும்? இன்னொரு தரம் சொல்லு,” என்றாள் யாகொடா.

“ரப்பர் விரிப்பு. பாத்திரம் நழுவாம இருக்க அடியில போடுவோமே, அது எங்க கிடைக்கும்னு கேளு.”

“அவ்வளவு லேசான கேள்வியா? எழுந்து நின்னு கேக்க எனக்கே கூச்சமா இருக்கும்.”

“கேப்பியா மாட்டியா?”

“கேக்கறேன், கேக்கறேன். முகத்தை அப்படி வச்சுக்காத.”

மாநாடுகளில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. உரை முடிந்து, ‘கேள்விகள் இருக்கிறதா’ என்று தலைவர் கேட்டு, ஒரு கையும் எழாமல் போனால் மேடையில் நிற்பவருக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. அதனால் ஒவ்வொருவரும் ஒரு தோழியிடம் சொல்லி வைத்திருப்பார்கள், சுலபமாக ஒரு கேள்வி. எல்லோருக்கும் அது தெரியும், யாரும் காட்டிக்கொள்வதில்லை.

செனியா எழுந்து, கூடத்தின் ஓரத்துக்குப் போய், வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது பக்கத்து வீட்டு எஷ்ரெஃப். உப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த மூன்று நாளும் வாஹித்தோடு இருந்துகொள்வதாக அவரே முன்வந்து சொல்லியிருந்தார்.

“தங்கச்சி! நல்ல நேரத்துல கூப்பிட்ட. உன் வீட்டுக்காரர் ஒத்தக் கையால டாமினோல ஏமாத்தறாரு. ரெண்டு கையும் நல்லா இருந்த காலத்துலகூட இப்படி ஏமாத்தினது கிடையாது.”

பின்னால் வாஹித்தின் குரல் கேட்டது. வார்த்தை தடுக்கித் தடுக்கி, ஆனால் உற்சாகமாக. “கிழ... கிழவா... உனக்குக் கண்ணு... தெரியல, அதுக்கு... நான் என்ன பண்ண!” பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் செனியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அவர்கிட்ட குடுங்க அண்ணே.”

போன் கை மாறியது. சிரிப்பு நின்றது.

“வாஹித்? சாப்டியா?”

“சாப்டேன்.”

“மாத்திரை?”

“ஆச்சு.”

“இன்னைக்கு என் பேச்சு. பயமா இருக்கு.”

“சரி.” கொஞ்சம் மூச்சு. “வை.”

அவள் வைத்தாள்.

வாஹித் தூஸ்லாவில் சலூன் வைத்திருந்தான். ஊரிலேயே அதிகம் பேசுகிற ஆள் அவன்தான் என்று பெயர். தலையை அவனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவன் எழுந்து போகும்போது, முடி குறைந்திருக்கும், செய்தி கூடியிருக்கும். வீட்டுக்கு வந்தாலும் ஓயமாட்டான். வெங்காயம் வதக்குகிற சத்தத்துக்கு மேலே கத்தி, மேயரின் மச்சினன் வாங்கிய காரின் நிறத்தைச் சொல்வான். “இப்ப இது எனக்குத் தேவையா?” என்பாள் செனியா. “தேவையானதை மட்டும் பேசணும்னா தந்தி ஆபீசுல கல்யாணம் பண்ணியிருக்கணும் நீ,” என்பான். பக்கவாதம் அவனுடைய வலது கையோடு பேச்சையும் பிடுங்கிக்கொண்டு போனது. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. முதல் வசந்தத்தில் அவளிடமும் அரைகுறையாக ஏதேதோ சொல்ல ஆரம்பித்திருந்தான். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, அவளிடம் மட்டும் நின்றுபோனது. ‘சாப்டேன்’, ‘ஆச்சு’, ‘சரி’, ‘வை’. கேட்டால் பதில் உண்டு. கேட்காவிட்டால் ஒன்றும் இல்லை. எஷ்ரெஃபிடம் பேசுகிறான், தபால்காரியிடம் பேசுகிறான், பால்கனியிலிருந்து கீழே விளையாடும் பிள்ளைகளைத் திட்டுகிறான்.

டாக்டரிடம் கேட்டபோது, மனச்சோர்வாக இருக்கலாம் என்றார். பேச்சுப் பயிற்சி தருகிற பெண், தேக்க நிலை என்றாள். செனியா இரண்டையும் நம்பினாள், ஏனென்றால் இரண்டுக்கும் செய்வதற்கு ஏதாவது இருந்தது. ஆனால் பஸ்ஸில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது, அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் அவளிடம் தேவையில்லாத ஒரு பேச்சுப் பேச வேண்டும். யாருக்கும் எந்தப் பயனும் இல்லாத ஒரு வாக்கியம். அதற்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள்.

உரை தொடங்கியபோது கை நடுக்கம் நின்றிருந்தது. அதுவும் பழக்கம்தான்.

தலைப்பு, ‘ஒரு கையால் காபி: பக்கவாதத்துக்குப் பின் வீட்டுச் சமையலறையில் பயிற்சி’. கணவன் என்று அவள் சொல்லவில்லை. ‘நோயாளி, ஆண், ஐம்பதைத் தாண்டியவர், முன்பு முடிதிருத்துநர்’ என்று மட்டும் சொன்னாள். வீடியோவிலும் முகம் தெரியாது. நோயாளியின் முகத்தைக் காட்டக்கூடாது என்பது விதி, அதனால் படம் பிடிக்கும்போதே போனைத் தாழ்த்தி, மேசையும் கைகளும் மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். கூடத்தில் யாகொடா ஒருத்திக்குத்தான் அது யாருடைய கை என்று தெரியும்.

திரையில் அவர்கள் வீட்டு மேசை பெரிதாக விரிந்தது. இடது கை, காபி காய்ச்சும் ஜெஸ்வாவின் நீண்ட பிடியைப் பற்றி, மேசைமேலிருந்த சின்ன அடுப்பில் வைத்தது. வலது கை விரிப்பின்மேல், ஓய்வாக, மூடிய மொட்டுப் போல் கிடந்தது. காபிப்பொடி டப்பாவைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கித் திறந்தான், படத்தில் அது தெரியவில்லை, மூடி கழன்ற சத்தம் மட்டும் கேட்டது. கொதித்த தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்து வைத்து, பொடியைப் போட்டு, மறுபடி அடுப்பில் வைத்து, நுரை பொங்கி விளிம்புக்கு வருகிற கணத்தில் தூக்கி, எடுத்து வைத்த தண்ணீரை ஊற்றி நுரையைப் படியவைத்தான். கூடத்தில் யாரோ மெதுவாகக் கை தட்டினார்கள்.

“இது முதல் பதிவு,” என்றாள் செனியா. “நீங்களே பாருங்க. எங்க தப்பு நடக்குதுன்னு சொல்லுங்க.”

இப்படிக் கேட்டால் தெரபிஸ்டுகளுக்குத் தாங்காது. கூடமே முன்னால் சாய்ந்தது. திரையில் இடது கை ஒரு சின்னக் கோப்பையை நிரப்பியது. பிறகு தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து அதையும் நிரப்பியது.

“ரெண்டாவது கோப்பை!” என்று பல குரல்கள் ஒன்றாக எழுந்தன.

“சரியா சொன்னீங்க. ஒரு கோப்பைதான் வேலை. கூடுதலா ஒரு படி செய்றார். வரிசை குழம்புது.”

“நிறுத்தத் தெரியல,” என்றார் முன்வரிசையில் ஒருவர். “ஆரம்பிச்ச செயலைத் திரும்பத் திரும்பச் செய்றார். மூளையில அந்தப் பகுதி அடிபட்டா வர்றதுதான்.”

“நானும் அப்படித்தான் குறிச்சிருந்தேன். இப்ப கடைசிப் பதிவைப் பாருங்க.”

மீண்டும் அதே மேசை. அதே கை. இப்போது அசைவுகள் வேகமாக, துல்லியமாக இருந்தன. தட்டில் ஒரே ஒரு கோப்பை. அதை நிரப்பினான், ஜெஸ்வாவைக் கீழே வைத்தான், கையை எடுத்துக்கொண்டான்.

“சில வாரத்துலயே அந்தத் தப்பு முழுசா மறைஞ்சுடுச்சு,” என்றாள் செனியா. “அதுக்கப்புறம் ஒருதடவைகூட ரெண்டாவது கோப்பை வரல.”

இம்முறை கைதட்டல் பலமாகவே இருந்தது. தலைவராக இருந்த பெண்மணி கேள்விகள் உண்டா என்று கேட்டார். யாகொடா எழுந்தாள்.

செனியா அவளைப் பார்த்துப் புன்னகைத்தாள். பதில் தயாராக இருந்தது, கடையின் பெயர் உட்பட.

யாகொடா ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மாநாட்டில் பேசுகிற மரியாதைக் குரலில், “முதல் வீடியோவோட கடைசிப் பகுதியை மறுபடி போட முடியுமாங்க?” என்றாள்.

செனியா போட்டாள். ஒன்று, இரண்டு, கோப்பைகள் நிரம்பின. வீட்டில் போனின் சின்னத் திரையில் எத்தனையோ முறை பார்த்த காட்சி. இங்கே சுவர் அளவுக்குப் பெரிதாக இருந்தது. இடது கை ஜெஸ்வாவை வைத்துவிட்டு, இரண்டாவது கோப்பையை விரல் நுனிகளால் மேசைமேல் தள்ளியது. சிந்தாமல், மெதுவாக, பூத்துணி விரித்த மேசையின் மடிப்புகளைத் தாண்டி, படம் பிடிப்பவரின் பக்கமாகத் தள்ளியது. கோப்பை திரையின் கீழ் விளிம்புக்கு வந்து மறைந்தது. கை அங்கேயே, திறந்தபடி, கொஞ்ச நேரம் இருந்தது. பதிவு அத்தோடு முடிந்தது.

“அந்தக் கோப்பை உங்க பக்கம் வருதே,” என்றாள் யாகொடா.

“ஓசிக் காபி!” என்றார் யாரோ. கூடம் சிரித்தது.

“அது... தேவைக்கு மேல உள்ள ஒரு அசைவு,” என்றாள் செனியா. அவளுடைய குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. “மேசையைக் காலி பண்ற முயற்சியா இருக்கலாம்னு நினைச்சேன்.”

“அதுசரி. அதைக் குடிச்சது யாரு?”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆகவில்லை. செனியா திரையில் உறைந்து நின்ற கையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நடந்தது பதிவில் இல்லை. அவளுக்குத்தான் தெரியும். போனை அணைத்துவிட்டு, நோயாளிகளிடம் பேசுகிற அந்த மெல்லிய, பொறுமையான குரலில், “ஒரு கோப்பை போதும் வாஹித், ஒருத்தருக்குத்தானே,” என்று அவள் சொன்னாள். “நாளைக்கு ஒண்ணு மட்டும் ஊத்திப் பாப்போம், சரியா?” என்றாள். மறுநாளும் அவன் இரண்டு ஊற்றினான். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு முறையும் அவள் அதையே சொன்னாள், அதே குரலில்.

“கொட்டிட்டேன்,” என்றாள் செனியா ஒலிவாங்கியில். “தொட்டியில கொட்டிட்டேன்.”

தலைவர் நேரமாகிவிட்டது என்றார்.

கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் யாகொடா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். “நான் ரப்பர் விரிப்பைப் பத்திதான்டி கேக்க எழுந்தேன். சத்தியமா. அந்தக் கையைப் பாத்ததும் வாய் எங்கயோ போயிடுச்சு. என்னைத் திட்டு. நாலு பேர் முன்னாடி திட்டு.”

“நம்ம ஊர்ல யார் வீட்லயாவது ஒருத்தருக்கு மட்டும் காபி போடுவாங்களா?” என்றாள் செனியா.

யாகொடா அவள் கையை விட்டாள்.

“சொல்லு. எங்கயாவது பாத்திருக்கியா? ஒரு ஜெஸ்வா, ஒரு கோப்பை?”

“ஆஸ்பத்திரியில,” என்றாள் யாகொடா கடைசியில். “பயிற்சி சமையலறையில. நாமதான் அப்படிப் போடச் சொல்லுவோம்.”

“ஹால்ல இருந்த அத்தனை பேரும் தப்புன்னுதானே சொன்னாங்க.”

“நானும்தான் கத்தினேன். ரெண்டாவது கோப்பைன்னு. முதல்ல கத்தினதே நான்தான்னு நினைக்கிறேன்.”

“அவன் என்னைக் கூப்பிட்டிருக்கான்டி. பேச்சு சரியா வராத நேரத்துல, உக்காருன்னு கூப்பிட்டிருக்கான். தினமும்.” செனியா சுவரில் சாய்ந்தாள். “நான் நின்னுக்கிட்டே இருந்தேன்.”

யாகொடா அவளுடைய மேல்கோட்டைக் கொண்டுவந்து தோளில் போட்டாள். “வெளிய போய்ப் பேசு. மத்தியான அமர்வுல உன் பெயரைக் கூப்பிட்டா நான் பாத்துக்கறேன். காய்ச்சல்னு சொல்லிடறேன்.”

ஓட்டலுக்குப் பின்னால் பனிச்சறுக்குக்காரர்களுக்கான சரிவு இருந்தது. பனி விழ இன்னும் நாள் இருந்ததால், கம்பியில் தொங்குகிற இருக்கைகள் வரிசையாக அசையாமல் நின்றன. கீழே பழுப்பு நிறத்தில் ஈரப்புல். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. செனியா முற்றத்தின் கடைசிப் படியில் நின்று வீட்டு எண்ணை அழுத்தினாள்.

“தங்கச்சி, கிழிச்சிட்டியா?” என்றார் எஷ்ரெஃப். “கை தட்டினாங்களா?”

“தட்டினாங்க அண்ணே. வாஹித்கிட்ட குடுங்க. நீங்க கொஞ்சம்...”

“புரியுது, புரியுது. நான் பால்கனியில போய் என் கெட்ட பழக்கத்தைப் பாத்துக்கறேன்.”

போன் கை மாறுகிற சத்தம். மூச்சு. மற்ற நேரமாக இருந்தால் அவன் எப்படி உட்கார்ந்திருக்கிறான், தோள் தாழ்ந்திருக்கிறதா, வலது கை மடியில் இருக்கிறதா தொங்குகிறதா என்று அவள் ஒரே பார்வையில் படித்திருப்பாள். இப்போது பார்க்க ஒன்றும் இல்லை. காதில் அந்த மூச்சு மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

“வாஹித், ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“போன வருஷ வசந்தத்துல... நீ காபி போடுவியே, நான் படம் எடுப்பேனே. அப்ப ரெண்டாவது கோப்பை ஊத்தினே. அது எனக்கா?”

மூச்சு நின்றது. பிறகு வந்தது, வேகமாக. அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பது தெரிந்தது. முதல் எழுத்து இடறியது, திரும்பவும் இடறியது. அவள் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை. அது என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரிந்திருக்கவும் இல்லை.

“வேற... வேற யாருக்கு,” என்றான் வாஹித். “பூ... பூனைக்கா?”

வைத்துவிட்டான்.

அவர்கள் வீட்டில் பூனை கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. அவனுக்குப் பூனை முடி ஆகாது, தும்மித் தள்ளிவிடுவான். செனியா படியில் உட்கார்ந்தாள். கல் குளிர்ந்திருந்தது. அவன் கோபமாக இருந்தான், அதில் சந்தேகம் இல்லை. இத்தனை மாதமும் மனச்சோர்வு என்றும் தேக்கம் என்றும் அவள் பெயர் வைத்திருந்தது வெறும் கோபம். நியாயமான, முழு ஆளுக்கு வருகிற கோபம். திட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டான். வலித்தது. ஆனாலும் ‘பூனைக்கா’ என்று அவள் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இன்னொருமுறை சொல்லிப் பார்த்தாள். சலூனில் நின்றபடி அவன் சொல்கிற மாதிரியே இருந்தது.

உடனே வீட்டுக்குப் போக வேண்டும் போலிருந்தது. ஆனால் மினிபஸ் நாளைக்குத்தான். இறங்கிப் போனாலும் சரயேவோவிலிருந்து தூஸ்லாவுக்கு வளைவு வளைவான மலைப்பாதை. போய் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம். அவன் ‘சரி’ என்பான். அந்தச் சரியை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

முன்பக்கம் சலசலப்பு எழுந்தது. மாநாட்டின் குழுப்படம். வருஷா வருஷம் ஓட்டல் வாசல் படிகளில் எல்லோரையும் நிறுத்தி எடுப்பார்கள். மழை வருமுன் எடுத்துவிட வேண்டும் என்று தலைவர் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். குட்டையானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால், “யார் அது ரெண்டு பேரை மறைக்கிறது, தோளைத் திருப்புங்க சார்!” என்று யாரோ கத்தினார்கள். யாகொடா ஓட்டலின் மூலையிலிருந்து எட்டிப் பார்த்து, ‘வருகிறாயா’ என்று தலையசைத்துக் கேட்டாள். செனியா எழுந்தாள்.

கையிலிருந்த போன் ஒலித்தது. வீட்டு எண்.

எஷ்ரெஃபாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு வாஹித் அவளை ஒருமுறையும் போனில் கூப்பிட்டதில்லை. எண்களை அழுத்த வேண்டும், போனைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அதற்குள் பேச வேண்டியதை நாக்கின் நுனியில் தயாராக வைத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் எஷ்ரெஃபை விட்டுக் கூப்பிடச் சொல்வான்.

“அண்ணே? என்னாச்சு?”

மூச்சு. அவனுடையது.

“வாஹித்? என்ன, கீழ விழுந்துட்டியா? எஷ்ரெஃப் எங்க?”

“இல்ல. ஒண்ணும்... இல்ல.” நீண்ட இடைவெளி. “அங்க... பனி... விழுதா?”

‘இல்ல’ என்று சொல்ல வாய் திறந்தாள். அதுதான் பதில். கேள்வி சின்னது, பதிலும் சின்னது. சொல்லிவிட்டால் அவன் ‘சரி’ என்பான், ‘வை’ என்பான்.

“இன்னும் விழல,” என்றாள். “ஆனா விழப்போற மாதிரி வாசனை வருது. கீழேருந்து மூடுபனி ஏறுது வாஹித், ஒவ்வொரு மரமா முழுங்கிக்கிட்டு வருது. இந்தச் சறுக்கு இருக்கைங்க எல்லாம் சும்மா தொங்குது. ஒரு மஞ்சள் நாய் இருக்கு இங்க, நேத்துலேருந்து யார் வெளிய வந்தாலும் கூடவே நடக்குது, எங்கேயும் போறதில்ல, திரும்பக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிடுது.”

“ம்.”

“அப்புறம் அந்த மினிபஸ் டிரைவர் கதை சொல்லவே இல்லையே உனக்கு. நாங்க ‘வேலை சிகிச்சை’க்காரங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க. எங்களை வேலை வாங்கித் தர்ற ஆபீசுன்னு நினைச்சுட்டான். வழி முழுக்க அவன் தம்பிக்கு ஒரு வேலை வேணும்னு கேட்டுக்கிட்டே வந்தான். எல்லா வளைவுலயும் திரும்பிப் பாத்துக் கேக்கறான். யாகொடா பயந்துபோய், குடுத்துடறோம்பா, ரோட்டைப் பாருன்னுட்டா.”

போனில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. மூக்கு வழியாக வெளியே வந்த காற்று.

“அப்புறம்?” என்றான் வாஹித்.

அப்புறம் என்ன என்று அவள் சுற்றிலும் தேடினாள். சொல்வதற்கு ஏதாவது வேண்டும், எதுவாக இருந்தாலும் போதும். படிகளின் பக்கமிருந்து, “எல்லாரும் வந்தாச்சா?” என்று தலைவர் கேட்டார். யாகொடாவின் குரல் உரக்க, “வந்தாச்சு!” என்றது.

“ஒரு இருக்கையில யாரோ மப்ளரோ சால்வையோ விட்டுட்டுப் போயிருக்காங்க,” என்றாள் செனியா. “போன குளிர்காலத்துலேருந்து அங்கயே தொங்குது போல. காத்துல ஆடுது.”

“என்ன... என்ன...” அவனுக்கு வார்த்தை சிக்கிக்கொண்டது. அவள் காத்திருந்தாள். பின்னால் எஷ்ரெஃப் பால்கனிக் கதவைத் திறந்து ஏதோ சொல்ல, வாஹித் அவரை ‘ஷ்’ என்று அதட்டுவது கேட்டது. “என்ன கலர்?”

அவள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. மூடுபனி சரிவின் பாதிவரைக்கும் வந்துவிட்டிருந்தது.

“இரு,” என்றாள். “கிட்டப் போய்ப் பாத்துச் சொல்றேன். வச்சுடாத.”

“வைக்... வைக்கல.”

மாநாட்டுக்கென்று போட்டிருந்த மெல்லிய ஷூவோடு அவள் ஈரப்புல்லில் இறங்கி, சரிவில் வேகமாக நடக்க ஆரம்பித்தாள். பின்னால் படிகளில் எல்லோரும் ஒன்று, இரண்டு என்று சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த இருக்கை இன்னும் தூரத்தில் இருந்தது. மூடுபனி அதைத் தொடுமுன் போய்ச் சேர வேண்டும்.

“இருக்கியா?” என்று கேட்டாள், மூச்சு வாங்க.

“இருக்கேன்,” என்றான்.